நீதிமன்றப் பாடத்துக்கு ஒப்பீட்டு அட்டவணை: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

குரூப் 1, குரூப் 2 தேர்வுக்கு நீதித்துறையைப் படிப்பவர்கள் பலரும் நோட்டின் நடுவே கோடு போட்டு, உச்ச நீதிமன்றம் ஒரு பக்கம், உயர் நீதிமன்றம் மறுபக்கம் என்று அட்டவணை எழுதுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் எல்லாத் தகவலையும் அதில் அடைத்தால் இரண்டு மாதத்தில் குழப்பம் தொடங்கிவிடும். ஒன்றுபோலத் தோன்றி ஓரிடத்தில் விலகும் வரிகள் மட்டுமே அட்டவணைக்குரியவை.

ஓய்வு வயது 65, 62 என்பது யாருக்கும் தவறுவதில்லை. தவறுவது வேறிடத்தில். உயர் நீதிமன்ற நீதிபதிக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பவர் ஆளுநர். ஆனால் ராஜினாமாக் கடிதம் போவது குடியரசுத் தலைவருக்கு. அந்த நீதிபதியின் சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து. ஓய்வூதியம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகக் கூடியவர் என்று சேர்த்து நினைத்துக்கொண்டால் இது மறக்காது. ‘சிறந்த சட்ட வல்லுநர்’ என்ற தகுதி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தில் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு 5 பேர், உயர் நீதிமன்ற நியமனத்துக்கு 3 பேர்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது அரசமைப்புச் சட்டத்தின் 32, 226 ஆகிய பிரிவுகளுக்கு. 32-இன்கீழ் நீதிப்பேராணை (ரிட்) அடிப்படை உரிமைகளுக்கு மட்டும். 226-இல் ‘வேறு எந்த நோக்கத்துக்கும்’ என்று சேர்கிறது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உயர் நீதிமன்ற அதிகாரம் அகலமானது. ‘உச்ச’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் அதுதான் பெரிது என்று மனம் முடிவு கட்டிவிடுவதால்தான் கூற்று-காரண வினாவில் மதிப்பெண் போகிறது. 32 தானே ஓர் அடிப்படை உரிமை. 226 அப்படியல்ல என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கீழமை நீதிமன்றங்களுக்கு அட்டவணை உதவாது. ஒரு வழக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதுதான் சரிப்படும். கொலை வழக்கு என்றால், நடுவர் (மாஜிஸ்திரேட்) அதை அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்துக்கு அனுப்புவார்; அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். கீழே விடுதலையானவருக்கு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், 134-இன்கீழ் உச்ச நீதிமன்றம் செல்வது அவருடைய உரிமை. முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு, இரண்டாம் வகுப்பு நடுவர் 1 ஆண்டு, தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை தரலாம் என்ற எண்களையும் இந்த ஏணியிலேயே ஒட்டிவிடலாம்.

பழைய கைடுகளை இங்கே நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெருநகர நடுவர் என்ற வகையே அதில் இல்லை. அபராத உச்சவரம்பும் முதல் வகுப்பு நடுவருக்கு 50,000 ரூபாய், இரண்டாம் வகுப்புக்கு 10,000 ரூபாய் என உயர்ந்துள்ளது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எண்ணிக்கை 31 என்றிருந்தால் அந்தப் புத்தகம் 2019-க்கு முந்தையது. அந்த ஆண்டு தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 ஆனது.

மூலப் பிரிவுகளைப் படிக்கும்போது 124-இல் தொடங்காமல் 233–237-இல் தொடங்குவது நல்லது. சிறிய பகுதி, ஒரே அமர்வில் முடியும். மாவட்ட நீதிபதியை ஆளுநர் நியமிப்பது உயர் நீதிமன்றத்தைக் கலந்து (233). அதற்குக் கீழே உள்ள நீதிபதிகளுக்குத்தான் தேர்வாணையமும் கலந்தாலோசனையில் வரும் (234). தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துவதே இதற்கு நல்ல நினைவுக் கொக்கி. பிறகு 214–231, கடைசியில் 124–147. ஏழாம் நாள் வெற்று அட்டவணையைப் பார்க்காமல் நிரப்பி, தவறிய வரிகளை மட்டும் புதுத் தாளில் எழுதுங்கள். இதையே திரும்பச் செய்யும்போது நான்காவது சுற்றில் அந்தத் தாள் அரைப் பக்கத்துக்கு மேல் போனால் மூலப் பிரிவுக்கே திரும்ப வேண்டும்.

கலைச்சொற்கள் தனித் தொல்லை. ஒரே எண்ணை ஒரு நூல் பிரிவு என்னும், இன்னொன்று சரத்து, மற்றொன்று உறுப்பு. நீதிப்பேராணைகளின் தமிழ்ப் பெயரும் நூலுக்கு நூல் மாறும்: செர்ஷியோராரி ‘ஆவணக் கேட்பு’ என்று பள்ளிப் பாடத்தில் வரும். ஐந்து பேராணைக்கும் ஆங்கில ஒலிப்பையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வினாத்தாளில் தமிழ் வடிவம் ஐயம் தந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.