வளைவில் யோசிக்கும் கியர்: ஆறு வருட ஏஎம்டி காரும் கொல்லிமலையும்

போன மாதம் கிளட்ச் மாற்றினேன். 64,000 கிலோமீட்டரில், கூலியோடு சேர்த்து 37,400 ரூபாய். அந்த பில் இன்னும் சட்டைப் பையில் இருந்தபோதே நண்பனிடமிருந்து போன். "மாப்ள, உன் வண்டியாட்டவே ஒண்ணு விலைக்கு வருது. 2019 மாடல். எடுத்துக்கலாமா?" எடுத்த எடுப்பில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது கோபத்தில் வந்த பதில். அவனுக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் ஏஎம்டி, சின்ன ஹேட்ச்பேக். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் குணம் இந்த வகைக் கியர்பாக்ஸ் பலவற்றுக்கும் பொது. மைலேஜ், ஏசி, டிக்கி எதிலும் எனக்குக் குறை இல்லை. ஈரோட்டு டவுனுக்குள், பஸ் ஸ்டாண்டு நெரிசலில், இதைப்போலச் சுகமான வண்டி கிடையாது. என் சண்டை எல்லாம் மலையில்தான்.

ஏஎம்டி என்பது புதிய கியர்பாக்ஸ் இல்லை. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் இடது காலும் கையும் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவுதான். எப்போது கியர் மாற்றுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்கு வண்டியின் வேகம் தெரியும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று தெரியும். முன்னால் வளைவு வருகிறது என்பது மட்டும் தெரியாது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல், சேந்தமங்கலம் வழியாக வந்தால் இதுதான் பாதை. வளைவுக்கு வளைவு எண் பலகை உண்டு. இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் நமக்கு உள்வட்டம். ஏற்றம் சுவர் மாதிரி நிற்கும். வலது பக்கம் திரும்பும்போது வெளிவட்டம், கொஞ்சம் தாராளம். என் வண்டி தகராறு செய்வது எப்போதும் இடது வளைவில்தான். நேர் ஏற்றத்தில் இரண்டாவது கியருக்குப் போய்விடும். வளைவில் நுழைந்ததும் வேகம் விழும். அப்போதுதான் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு முதல் கியரைத் தேடும். கிளட்ச் விலகும், இழுவை நிற்கும், ஒரு நொடி வண்டி வெறுமனே மிதக்கும். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்கிறது, ஏற்றத்தின் நடுவில் இருக்கிறோம், சக்கரத்தில் பலமே இல்லை. அந்த ஒரு நொடி எனக்கு ஆறு வருடமாகப் பழகவில்லை.

முதல் வருடம் ஆடிப் பதினெட்டுக்குப் போனோம். வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டம், மலைப்பாதை முழுக்க வண்டிகள். முப்பதாவது வளைவு தாண்டி ஒரு இடது திருப்பத்தில் மேலிருந்து அரசு பஸ் இறங்கியது. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது விதி. ஆனால் பஸ் திரும்புவதற்கு முழு ரோடும் தேவைப்படும்போது விதியைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. நிறுத்தினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் வண்டி பின்னால் உருண்டது. பின்னாலேயே லோடு ஏற்றிய வேன். பக்கத்து சீட்டிலிருந்து நண்பன் சத்தம் போடாமல் சொன்னான்: "ஹேண்ட் பிரேக்கை இழு. இப்ப ஆக்சிலரேட்டர் குடு. இழுக்கறது தெரிஞ்சதும் விடு." அதன்படி செய்தேன், ஏறியது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு என் மாடலில் கிடையாது. வாங்குபவர்கள் மற்ற எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

அன்றைக்கு இன்னொரு தப்பும் செய்தேன். நெரிசலில் ஒவ்வொரு முறையும் பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைத்தேன். அப்படி நிறுத்தினால் கிளட்ச் பாதி பிடித்த நிலையில் தேய்ந்துகொண்டே சூடாகும். கருகிய வாசனை வந்தது, எச்சரிக்கை மணி அடித்தது. 64,000-இல் கிளட்ச் போனதற்கு அந்த ஒரு நாளும் காரணம் என்றே நினைக்கிறேன்.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பயணங்களுக்கெல்லாம் டிரைவர் அவன்தான். வால்பாறையின் 40 வளைவுகளையும் ஏற்காட்டின் 20 வளைவுகளையும் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். 2022-இல் பைக் விபத்தில் அவனுக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. நடப்பான். ஆனால் கிளட்சைத் திரும்பத் திரும்ப மிதித்தால் மாலைக்குள் முட்டி வீங்கிவிடும். அவனுடைய மேனுவல் காரை விற்றான். அதன்பின் இரண்டு வருடம் இடது சீட்டில் உட்கார்ந்து, நான் வளைவுகளில் திணறுவதைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. காரவள்ளியில் டீ குடித்துவிட்டு வந்து சாவியை அவன் கையில் கொடுத்தேன். தயங்கினான். இரண்டே பெடல்தான், வலது காலுக்கு மட்டும்தான் வேலை என்றேன். பத்து, பன்னிரண்டு வளைவு வரை அவனுக்கும் அதே திணறல். பிறகு லீவரை எம்-முக்கு, அதாவது கியரை நாமே மாற்றும் மேனுவல் மோடுக்குத் தள்ளினான். இடது வளைவு வருவதற்கு இருபதடி முன்பே, நேர் ரோட்டிலேயே முதல் கியருக்கு இறக்கினான். வலது வளைவு என்றால் இரண்டிலேயே விட்டான். எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கி, கம்ப்யூட்டர் முடிவெடுப்பதற்கு முன் அவன் முடிவெடுத்தான். அந்த வெற்று நொடி வளைவுக்குள் வரவே இல்லை. நாலு வருடம் நான் டி-யிலேயே, தானாகக் கியர் மாறும் மோடிலேயே வைத்துச் சண்டை போட்ட வண்டி, அவன் கையில் எழுபதாவது பலகை வரை ஒரே மூச்சாக ஏறியது. செம்மேட்டில் இறங்கியபோது அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்குமேல் இறங்கி ஏற வேண்டும். அவன் முட்டிக்கு அது ஆகாது. கோயிலில் கும்பிட்டுவிட்டு, சோளக்காடு சந்தையில் மிளகும் மலை வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவனுக்கு அருவி இல்லை, ரோடு மட்டும்தான். அந்த ரோட்டை இந்த வண்டிதான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது.

இறக்கத்திலும் எம் மோடுதான். டி-யில் விட்டால் மூன்றாவது கியருக்குத் தாவும். பிறகு பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும், பாதி மலையில் பிரேக் பேட் கருகும் வாசனை வந்துவிடும். இரண்டில் போட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

இனி கிளட்ச் கதை. தட்டு தேய்ந்ததில் எனக்கு வருத்தம் இருந்தாலும் கோபம் இல்லை. மாற்றியபின் நடந்ததற்குத்தான் கோபம். புது கிளட்ச் போட்டால் அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் உதறி உதறிக் கிளம்பியது. "புதுசுங்க, செட் ஆயிரும்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நானே பக்கத்தில் நின்று செய்ய வைத்தேன். அரை மணி நேர வேலை. 37,400 ரூபாய் வாங்கிக்கொண்டு அந்த அரை மணியை மிச்சம் பிடித்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே, அடிக்கடி மலையேறுபவர் யாராவது கேட்டால் இந்த வண்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். பட்ஜெட் இருந்தால் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (இந்தக் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் வகை), இல்லையென்றால் மேனுவல். நண்பனுக்கு நேற்று மறுபடி போன் செய்து, வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகிறோம். சமதளத்தில் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, ரிவர்ஸில் மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். கிளட்ச் போயிருந்தால் அங்கே உதறிவிடும். அதைத் தாண்டிவிட்டால் விலை பேசலாம்.