ஸ்விஃப்ட் காரைத் தாழ்த்திய வேலை: ஸ்பிரிங்கும் இராமநாதபுரத்துப் பட்டறையும்

குடும்பத்தோடு போய்வரும் ஒரு சாதாரணக் காரின் உயரத்தைச் சற்றுக் குறைத்து, வேகத்திலும் வளைவிலும் அது ஆடாமல் நிற்கும்படி செய்ய வேண்டும், அதையும் மதுரைக்கோ சென்னைக்கோ அலையாமல் இராமநாதபுரத்திலேயே அடக்கமான செலவில் முடிக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேணிக்கரைப் பக்கம் உள்ள சிறிய சஸ்பென்ஷன் பட்டறை ஒன்றில், 2019ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் காருக்கு 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை மாட்டினேன். ஸ்பிரிங் ஓரளவுக்கு நன்று. பட்டறையின் வேலை மிக நன்று.

முதலில் பட்டறைக்காரரின் நேர்மையைச் சொல்ல வேண்டும். இருக்கும் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிட்டால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடுமே என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் அவரிடம் நிறையப் பேர் வருகிறார்கள். நான் அங்கே இருந்தபோதே ஓர் இளைஞர் அப்படிக் கேட்க, "அறுத்துத் தர்றதுக்கு வேற ஆளு இருக்காங்க தம்பி, நான் செய்யுறதில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மறுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஐந்து சுற்றில் ஒன்றை அறுத்தால் மீதமுள்ள நான்கும் முன்னைவிடக் கால் பங்கு கூடுதலாக விறைத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அறுபட்ட முனை ஸ்ட்ரட்டின் (முன்சக்கரத்தில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துத் தாங்கும் தூண்) கிண்ணத்தில் சரியாக உட்காராமல் போவதும், பள்ளத்தில் சக்கரம் முழுவதும் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவுவதும் ஆகும். கேஸ் வைத்துச் சூடேற்றி இறக்குவது இன்னும் மோசம். பதம் போன எஃகு நாளடைவில் தானாகவே தாழ்ந்துகொண்டே போகும்.

உயரத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர் தொகுதியை அவரே வேண்டாம் என்றார். அதன் விலை என் கைக்கு எட்டாது என்பது ஒருபுறமிருக்க, கடற்காற்றின் உப்பு அதன் மரைகளில் ஏறி இறுகிவிட்டால் உயரத்தை மாற்றும் வசதியே வீணாகிவிடும் என்று அவர் சொன்னது இந்தக் கரையில் வாழும் எவருக்கும் புரியும். ஆகவே நான்கு தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் தடுக்கும் புதிய பம்ப் ஸ்டாப்புகள், முன்பக்க ஸ்ட்ரட் மவுண்ட்டும் அதன் பேரிங்கும், கூலி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 22,000 ரூபாயில் முடித்தோம். பழைய பேரிங்குகளைக் கழற்றியபோது உள்ளிருந்து செந்நிறத் துருப்பொடி கொட்டியது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அவற்றை அப்படியே விட்டிருந்தால் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் சத்தம் வந்திருக்கும்.

வேலை நடந்த விதத்தில் நான் பெரிதும் மதித்தது அவருடைய பொறுமையை. முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே ஸ்ட்ரட்டாக இருப்பதால் அதை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியின் இரண்டு திருகுகளையும் சம அளவில் மாறி மாறி இறுக்கித்தான் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஒருபுறம் அதிகம் இறுகினால் அது தெறித்து ஆளையே அடித்துவிடும். பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால் அங்கே சிரமம் குறைவு. ஆனால் பின் அச்சை உடலோடு இணைக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, கார் ஜாக்கியில் தொங்கும்போது அவர் கையளவிலேயே முடுக்கிவிட்டார். சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகே கீழே படுத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுதியாக இறுக்கினார். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். இந்த ஒரு காரியத்தைக் கேட்டறிந்த பிறகே எந்தப் பட்டறையிலும் வண்டியை விடுவது நல்லது.

குறையும் உண்டு. அலைன்மென்ட் எந்திரம் அவரிடம் இல்லாததால் வேறு கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. வண்டி தாழும்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு, சற்று உள்நோக்கிப் போவதோடு டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணமும், மாறுகிறது. 30 மில்லிமீட்டருக்குக் கேம்பர் மாற்றம் பொறுத்துக்கொள்ளக் கூடியதே, டோவைத் திருத்தாமல் ஓட்டினால்தான் டயர் அநியாயமாகத் தேயும். ஸ்பிரிங் படிந்து அமைய ஓரிரு வாரம் ஆகும் என்பதால், அதற்குப் பிறகு இன்னொரு முறையும் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

இனி ஓட்டத்தைப் பற்றி. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் பேருந்து கடந்துபோகும் கணத்தில் வண்டி முன்பு ஒருபக்கம் தள்ளப்படும்; இப்போது அந்த அசைவு தெளிவாகக் குறைந்திருக்கிறது. 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அதே பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது ஏற்படும் தட்டு முன்னைவிடக் கூர்மையாக உள்ளே வருகிறது. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு அது நிச்சயம் தெரியும். முழங்கால் வலி உள்ள என் தாயாருக்கு இருக்கையிலிருந்து எழுவது சற்றுக் கூடுதல் சிரமமாகிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரை இடைவெளிதான் முக்கியமான கணக்கு. இந்த ஸ்விஃப்டுக்குத் தயாரிப்பாளர் தரும் அளவு 163 மில்லிமீட்டர். 30 போனால் 133 மிஞ்சும், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அதிலும் குறையும். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி அமைந்த வேகத்தடை 100 மில்லிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது, 2.45 மீட்டர் அச்சிடைத் தூரமுள்ள இந்தக் கார் அதன்மேல் முழுவதுமாக ஏறி இறங்கிவிடும். ஊர்களுக்குள் தாங்களாகவே போட்டுக்கொண்ட குறுகிய மேடுகளில் முன்சக்கரம் மறுபுறம் இறங்கியதும் வயிற்றுப்பகுதி உரசுகிறது. சாய்வாக ஏற்றினால்தான் தப்ப முடியும். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து குவித்திருக்கும் நாட்களில் முன்பம்பர் அதை வாரிக்கொண்டு போகிறது. ஆதலால் 30 மில்லிமீட்டருக்கு மேல் போவதை இந்தப் பகுதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய ஷாக் அப்சார்பர்களையே வைத்துக்கொண்டதால் அவை குறைந்த வீச்சிலேயே, முன்னைவிட விறைப்பான ஸ்பிரிங்குகளோடு வேலை செய்கின்றன. எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேற்பூச்சு எங்கே கல்பட்டு உரிகிறதோ அங்கே உப்பு பிடித்து, துருவேறி, பிறகு முறிவும் அங்கேயேதான் தொடங்கும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிவிடுகிறேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் தயாரிப்பாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை இரும்புக் கடைக்குப் போகவிடாமல் கேட்டு வாங்கி, எண்ணெய் தடவி, உப்புக் காற்று படாத இடத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் பழைய உயரத்தையே கேட்டால் மாட்டிக்கொடுக்க அவை உதவும்.