மூச்சு விடும் ஃபாண்டம்: வாங்கலாமா?

எங்கள் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 4டி சிடி ஸ்கேனை (மூச்சோடு உறுப்புகள் அசைவதையும் காட்டும் சிடி) சோதிக்க வாங்கிய ஃபாண்டம் இது, அதாவது நோயாளிக்குப் பதிலாக ஸ்கேனில் வைக்கும் பொம்மை. நெஞ்சு வடிவக் கூடு, உள்ளே நுரையீரல் அடர்த்தியில் ஒரு தண்டு, அதில் கட்டிக்குப் பதிலாக ஒரு உருண்டை. மோட்டார் தண்டை முன்னும் பின்னும் இழுக்கும். அசைவை 20 மி.மீ. வைத்து ஓட்டினால், மூச்சை 10 கட்டங்களாகப் பிரித்த படங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது. மூச்சைத் தாறுமாறாக்கிப் பாருங்கள், அங்கேதான் விஷயமே! உருண்டை துண்டு துண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். குறை ஸ்கேனுடையது, பாவம் பொம்மை என்ன செய்யும். கட்டி 5 மி.மீ.க்கு மேல் அசைந்தாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2006 அறிக்கை.

மனக்குறை ஒன்று உண்டு. இந்த உருண்டை நசுங்காது. நிஜத் திசு அப்படியா? திசு நசுங்கி உருமாறுவதை மென்பொருள் சரியாகப் பின்தொடர்கிறதா என்று பார்க்க இது போதாது. அப்புறம் கேபிள் குட்டை, ஸ்கேனை இயக்கும் கன்சோல் அறை வரை எட்டவில்லை.