நல்லூரில் எட்டு ஞாயிறுகள்: அமெரிக்க வெளியுறவுக் கொள்கை வகுப்பு

நல்லூரிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையம் ஞாயிறு மாலைகளில் நடத்திய அமெரிக்க வெளியுறவுக் கொள்கை வகுப்பில் 4000 ரூபா கட்டிச் சேர்ந்திருந்தேன். உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் மாணவர்களுக்கென்றே அறிவித்திருந்தார்கள். ஆனால், வந்தவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள் என்பதால் கேள்விகள் பரீட்சைக்கு அப்பாலும் சென்றன.

வாஷிங்டனின் 1796ஆம் ஆண்டுப் பிரியாவிடை உரையில் தொடங்கி கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க முனைந்த ட்ரூமன் கோட்பாடு வரை வந்த முதலிரண்டு வாரங்களில், பாடநூலில் இல்லாத எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரத்தில்தான் வகுப்பு சூடுபிடித்தது. 1952 டிசெம்பரில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கையை எடுத்துக்கொண்ட விரிவுரையாளர், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், 270,000 தொன் அரிசி என்ற கணக்கைப் பலகையின் ஒரு பக்கத்திலும், கம்யூனிச நாடுகளுக்குப் போருக்குதவும் பொருள்களை விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்ற 1951ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை மறுபக்கத்திலும் எழுதினார். கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்த பெரியவர் ஒருவர் முன்வரிசையிலிருந்து, "தம்பி, ஐக்கிய நாடுகள் சபையும் சீனாவுக்கு விக்கக் கூடாதெண்டு சொன்னதெல்லோ, பிறகு நாங்கள் எப்பிடி வித்தனாங்கள்?" என்று கேட்டார். "ஐயா, அப்ப நாங்கள் அந்தச் சபையில உறுப்பினரே இல்லை, 1955இலதான் சேர்ந்தனாங்கள்" என்று பதில் வந்தது.

நான்காம் வாரமும் இதற்குக் குறைந்ததன்று. அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்ட பின் இழப்பீடு இழுபட்டதால், 1963இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டது. அதற்கு அடிப்படையான, அமெரிக்கர்களின் சொத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடு தராத நாட்டுக்கு உதவியை நிறுத்தச் சொல்லும், அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய ஹிக்கன்லூப்பர் திருத்தத்தின் வாசகத்தை விரிவுரையாளர் வரிவரியாக விளக்கினார். அமெரிக்கா எங்களைப் பழிவாங்கியது என்று சந்திக் கடைகளில் கேட்டே வளர்ந்த எனக்கு, ஜனாதிபதி விரும்பினாலும் விலக்களிக்க முடியாதபடி செனற்றர் ஒருவர் எழுதிய சில வரிகள் ஒரு நாட்டின் உறவையே தீர்மானித்திருக்கின்றன என்பது புதிய செய்தி.

பண்பாட்டுக்கு ஒதுக்கிய ஐந்தாம் வாரம் பெரும் ஏமாற்றம். ஹொலிவூட்டும் புலமைப்பரிசில்களும் பேசப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக் கூடாது என்று அமெரிக்க ஜனாதிபதி மொன்றோ அறிவித்த அதே 1823இல்தான் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் செமினரி தொடங்கியது. மறு ஆண்டு உடுவிலில் பெண்கள் பாடசாலை எழுந்தது. 1820இல் அச்சுவேலைக்கென்று வந்திறங்கிய கரற் என்பவரை ஆங்கிலேய ஆட்சி இங்கே தங்கவிடாமல் திருப்பி அனுப்பியது; 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரிகளுக்கு அனுமதியில்லை. அமெரிக்காவும் பிரித்தானியாவும் 1812இல் தொடங்கிப் போரிட்டதையும், பொஸ்ரனில் இயங்கிய சமயச் சபையொன்று அரசை எதிர்பாராமல் ஆட்களை அனுப்பியதையும் சேர்த்துப் பார்த்தால், அரசின் கொள்கை எங்கே முடிகிறது, மக்களின் தொடர்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்கு வாய்க்காது. தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் வாழ்ந்த மானிப்பாய்க்கு அந்த மண்டபத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. கையேட்டின் வரைபடங்கள் நிழற்பிரதியில் கறுத்துப்போய், கடல் எது கரை எது என்று தெரியவில்லை. அத்துடன், 1997இல் விடுதலைப் புலிகள் மீது வந்த அமெரிக்கத் தடையையும், 2012 முதல் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை குறித்து அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களையும், 2018இல் அது அந்தப் பேரவையை விட்டு விலகியதையும் கடைசி வாரத்தில் நாற்பது நிமிடத்தில் ஓட்டி முடித்துவிட்டார்கள். எல்லாரும் காத்திருந்த பகுதி அதுதான். கை உயர்த்தியிருந்த ஏழெட்டுப் பேருக்குப் பதில் கிடைக்கவில்லை.

இருந்தும் மூன்றாம், நான்காம் வாரங்களுக்காகவே கட்டணம் தகும் என்பேன். அடுத்த பிரிவு தைப்பொங்கலுக்குப் பின் தொடங்குகிறது. ஐந்தாம் வாரத்தை வட்டுக்கோட்டையிலேயே நடத்தும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன்.