பாக்ஸ்டர், ஆர்எக்ஸ்-8, எம்3: எந்தத் தலைவலியைத் தாங்கலாம்?

போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறை (986), மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஎம்டபிள்யூ எம்3-இன் இ46 மாடல். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் கடைசியில் இந்த மூன்றுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். மூன்றுமே ஓட்டுவதற்கு அருமையானவை, மூன்றுக்குமே பேர் போன வியாதி உண்டு. வழக்கமாக எல்லோரும் குதிரைத்திறனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்: ஆரம்ப பாக்ஸ்டர் 204, ஆர்எக்ஸ்-8 231, எம்3 343. இருபது வருடம் ஓடிய காரில் அந்தக் கணக்கால் பெரிய பிரயோஜனம் இல்லை. கோளாறு வருவதற்கு முன்னால் தெரியுமா, தெரிந்தால் அதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பாரா, கை வைக்க எவ்வளவு கழற்ற வேண்டும் என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு.

பாக்ஸ்டரில் தொடங்கலாம். 1996-இல் வந்தது. பழைய காற்றுக் குளிர்ச்சி இன்ஜினை விட்டுவிட்டு, தண்ணீரில் குளிரும் எம்96 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜினை போர்ஷே இதில்தான் முதலில் பொருத்தியது. இன்ஜினுக்குள் ஒரு இடைத் தண்டு ஓடுகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து சுழற்சியை வாங்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளுக்கு செயின் வழியாகக் கொடுப்பது அதன் வேலை. அந்தத் தண்டின் ஒரு முனையை, கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் (குண்டு) பேரிங் தாங்குகிறது. எல்லோரும் சொல்லும் ஐஎம்எஸ் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதாவது இடைத் தண்டு) பேரிங் இதுதான். காலப்போக்கில் அதன் சீல் தேய்ந்து, இன்ஜின் ஆயில் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் உடைந்தால் செயின் டைமிங் தவறும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் முடிந்தது. பழைய காற்றுக் குளிர்ச்சி 911-இல் இதே தண்டு ஆயில் அழுத்தத்தில் ஓடும் சாதாரண பேரிங்கில்தான் இருந்தது. அதில் இந்தத் தொல்லையே இல்லை.

எத்தனை கார்களில் இது போகிறது? அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகப் போட்ட வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்லும் கணக்கின்படி, ஆரம்பகால இரட்டை வரிசை பேரிங்கில் ஏறக்குறைய 1 சதவீதம், பின்னால் வந்த ஒற்றை வரிசையில் 8 சதவீதம். அதாவது பெரும்பாலான கார்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் வாங்கும் கார் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை. கம்ப்யூட்டரைச் சொருகினால் எந்தப் பிழைக் குறியீடும் காட்டாது. 2000, 2001 கார்களில் இரண்டு வகை பேரிங்கும் கலந்து வந்ததால், திறந்து பார்க்கும்வரை உள்ளே எது இருக்கிறது என்பதுகூட உறுதியில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புக்குள் மினுமினுக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கையில் உள்ள ஒரே நல்ல சோதனை. அதிலும் துகள் தெரியும்போது பாதி நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு எரிச்சல், இன்ஜினைக் கண்ணால் பார்க்கவே முடியாது. இருக்கைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் புதைந்து கிடக்கிறது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. ஆயில் ஊற்றும் மூடியும் கூலண்ட் மூடியும் பின் டிக்கியில். மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கூரைத் துணியைப் பாதி தூக்கி நிறுத்தி, விரிப்பை எடுத்து, மூடியைக் கழற்ற வேண்டும். கூலண்ட் தொட்டி விரிசல் விட்டால் முதலில் தெரிவது பின் டிக்கி கார்ப்பெட்டின் ஈரம்தான். கார் பார்க்கப் போகிறவர் அந்தக் கார்ப்பெட்டைத் தூக்கித் தடவிப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் அது கிராங்கின் பின் சீலாகவும் இருக்கலாம், ஐஎம்எஸ் மூடியின் கசிவாகவும் இருக்கலாம். கீழே நின்று பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், பேரிங்கை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்றினால் கை எட்டும். கிளட்ச் மாற்றும்போதே இதையும் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆர்எக்ஸ்-8-இன் கதை வேறு தினுசு. 2003 முதல் 2012 வரை தயாரானது. பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜின்: முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 654 சிசி. முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் அறையின் சுவரை உரசிக்கொண்டே சுற்றுகின்றன. அவற்றுக்கு வழவழப்பு கொடுக்க, இன்ஜின் தானே கொஞ்சம் ஆயிலை எரியும் அறைக்குள் பீய்ச்சுகிறது. ஆகவே ஆயில் குறைவது இங்கே கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்கிற ஆளுக்குத்தான் இந்தக் கார். பார்க்காதவர் கையில் போன கார்தான் சந்தையில் நிறைய.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து கொஞ்சம் நகர்த்திவிட்டு உடனே அணைத்தால் அடுத்த முறை எடுக்காது. உள்ளே பெட்ரோல் நனைந்து போயிருக்கும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், அப்போது பெட்ரோல் நின்று உள்ளே உள்ளது வெளியேறும். இது சின்ன விஷயம். பெரியது, சூடான இன்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆகாதது. அதற்குப் பொதுவாக ஒரே அர்த்தம்தான்: சீல் தேய்ந்து கம்ப்ரஷன் (அறைக்குள் காற்றை அழுத்தும் வலு) போய்விட்டது.

ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களின் பணம் கரைவது இந்த இடத்தில்தான். ரோட்டரி பழக்கமில்லாத ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பேட்டரி மாறும், பிளக் மாறும், காயில் மாறும், செல்ஃப் மோட்டார் மாறும். எதுவும் முழுப் பொய் இல்லை. இந்தக் காரில் காயில் சீக்கிரம் போவது உண்மை, வலுவான செல்ஃப் மோட்டார் போட்டால் கொஞ்ச நாள் ஸ்டார்ட் ஆவதும் உண்மை. ஆனால் நோய் அப்படியே இருக்கும். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமாக இருப்பதை மட்டும்தான் காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் இன்ஜின் வேலை வந்துவிட்டது. அமெரிக்காவில் மாஸ்டாவே இன்ஜின் உள்பாகத்துக்கான வாரண்டியை 8 வருடம், 100,000 மைல் என்று நீட்ட வேண்டியிருந்தது. இன்று அந்தக் காலக்கெடுவும் முடிந்த கதை. இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவு காரின் விலையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

எம்3-இன் நோய்ப் பட்டியல்தான் மூன்றிலும் நீளம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேயும். 2001 முதல் 2003 வரையிலான கார்களில் பலவற்றுக்கு பிஎம்டபிள்யூவே அதை மாற்றிக் கொடுத்தது. வேனோஸ் என்ற வால்வு டைமிங் அமைப்பில் போல்ட் தளரும், உலோக நாக்கு உடைந்து ஆயில் தொட்டியில் விழும். வால்வு இடைவெளியை அவ்வப்போது ஷிம் என்ற மெல்லிய வில்லை வைத்துச் சரி செய்ய வேண்டும், கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் என்றால் அதன் பம்ப் கோளாறு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, பின் ஆக்ஸிலைத் தாங்கும் சப்ஃப்ரேம் போல்ட் செய்யப்பட்ட தரைத் தகடு கிழியும். மெல்லிய தகடு, ஸ்பாட் வெல்டிங். ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை அமுக்கும்போதும் தளர்த்தும்போதும் அது முன்னும் பின்னும் இழுபடுகிறது. விரிசல் அடிப்பூச்சுக்குள் ஒளிந்திருக்கும், நன்றாகப் பார்க்க ஆக்ஸிலையே இறக்க வேண்டும். சரிசெய்ய பெட்ரோல் டேங்கையும் எடுத்துவிட்டு, தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும்.

இருந்தாலும் மூன்றில் என் ஓட்டு எம்3-க்குத்தான். ராட் பேரிங்கைக் கீழிருந்தே மாற்றலாம், இன்ஜின் காரிலேயே இருக்கும். வேனோஸுக்கு வலுவான மாற்றுப் பாகங்கள் தனியாக விற்கிறார்கள். தகட்டை ஒரு முறை ஒழுங்காகப் பலப்படுத்திவிட்டால் திரும்ப அந்தப் பக்கம் போக வேண்டாம். எல்லாமே முன்கூட்டித் தேதி வைத்துச் செய்யக்கூடிய வேலைகள். பில் பெரிதாக வரும், ஆனால் நடுரோட்டில் வராது. பாக்ஸ்டரின் பட்டியல் குட்டையானது, அதில் ஒரே ஒரு வரி இன்ஜினையே தின்னக்கூடியது. ஆர்எக்ஸ்-8, பக்கத்தில் ரோட்டரி தெரிந்த ஆள் இருந்தால் மட்டும். தினமும் கடைக்கும் பள்ளிக்கும் போய் வர அதை வாங்குகிறவரை யாராவது தடுத்து நிறுத்துங்கள்.

சரி, ஹோண்டா எஸ்2000 இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சத்தம் போடும், கூரைத் துணி கிழியும், அதிக சுற்றில் தவறான கியர் விழுந்தால் வால்வு பாகம் உடையும், மற்றபடி நிம்மதி. அந்த நிம்மதிக்கான காசை விற்பவர் ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டார்.

எம்3-க்குப் பட்ஜெட் எட்டாமல் பாக்ஸ்டரிடம் போகிறீர்கள் என்றால், பேரிங் மாற்றிய பில்லைக் கேளுங்கள். "மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தை செல்லாது. தேதி, கிலோமீட்டர், எந்தப் பாகம் என்று எழுதியிருக்க வேண்டும். பில் இல்லையா, கிளட்சுக்கும் பேரிங்குக்கும் சேர்த்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.