'அன்பிளக்ட்' பன்னிரண்டு பாடங்கள்: நடுநிலை வகுப்புகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

ஒரு பேரணி, ஒரு சுவரொட்டிப் போட்டி, ஓர் உறுதிமொழி. பல பள்ளிகளில் போதை விழிப்புணர்வு இதோடு முடிந்துவிடுகிறது. இதனால் மட்டும் மாணவர்களின் பழக்கம் மாறுவதில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்ட தரநெறிகள், வெறும் சொற்பொழிவையும் பயமுறுத்தலையும் பலன் தராதவை என்று சொல்கின்றன. போதையிலிருந்து மீண்டவரை அழைத்துவந்து அனுபவம் பேச வைப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை, பத்து முதல் பதினைந்து அமர்வுகள், மாணவர்களே பேசிப் பழகும் முறை என்பதுதான் அவை பரிந்துரைக்கும் வழி. ஐரோப்பாவில் உருவான 'அன்பிளக்ட்' (Unplugged), அந்த வழியில் அமைந்த பள்ளிப் போதைத் தடுப்புத் திட்டம்.

12 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஒரு மணி நேரப் பாடங்கள் பன்னிரண்டு. நடத்துவது வகுப்பாசிரியரேதான், வெளியிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. ஆசிரியர் கையேடு, மாணவர் பயிற்சிப் புத்தகம், போதைப்பொருள் வினா அட்டைகள் ஆகியவை தொகுப்பில் உண்டு. ஆனால் அதற்கு முன் ஆசிரியருக்கு இரண்டரை, மூன்று நாள் பயிற்சி தேவை. கையேட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நடத்தினால் பாடம் மறுபடியும் சொற்பொழிவாகிவிடும்.

இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி உட்பட ஏழு ஐரோப்பிய நாடுகளில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். குடித்து நிலை தடுமாறுவது குறைந்தது. அந்தப் பலன் பதினெட்டு மாதம் கழித்தும் நின்றது. தினமும் சிகரெட் பிடிப்பதில் கிடைத்த பலன் அவ்வளவு காலம் நிற்கவில்லை. ஆகவே புகையிலைக்கு அடுத்த ஆண்டும் சில மறுபார்வை வகுப்புகளை நீங்களே சேர்த்துக்கொள்வது நல்லது.

தொகுப்பின் உயிர்நாடி நான்காவது பாடம். 'உன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் எத்தனை பேர் போன மாதம் சிகரெட் பிடித்திருப்பார்கள்?' என்று கேட்டு, எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு கொடுத்து, பெயரில்லாமல் எண்ணை மட்டும் எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். சராசரியைப் பலகையில் எழுதி, அதன் பக்கத்திலேயே உண்மையான கணக்கெடுப்பு எண்ணை எழுதுங்கள். பிள்ளைகளின் ஊகம் பொதுவாக உண்மையைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். 'எல்லாரும்தான் பண்றாங்க' என்ற எண்ணம் அந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

பாடம் கெட்டுப்போவதும் இங்கேதான். பதினெட்டு வயதுக்காரர்களின் கணக்கை எடுத்து எழுதினால் எண் பெரிதாகி, நோக்கமே தலைகீழாகும். வயது பொருந்துகிற, அண்மைய கணக்கெடுப்பை வகுப்புக்கு முன்பே தேடி வைத்திருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்று அதே வகுப்பிலேயே 'யார் யார் தொட்டிருக்கிறீர்கள்' என்று கேட்கக் கூடாது. முப்பது பேரில் இரண்டு பேர் என்றால், அந்த இருவர் யார் என்பது இடைவேளைக்குள் தெரிந்துவிடும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மறுத்துப் பேசும் பயிற்சி. இருவர் இருவராக நடித்துக் காட்டச் சொன்னால், வற்புறுத்தும் பாத்திரத்துக்குத்தான் கைத்தட்டல் விழும். அதில் நன்றாகத் தேறுவதும் அந்தப் பிள்ளைதான். எனவே வற்புறுத்தும் வரியை அட்டையில் எழுதி ஆசிரியரே வாசித்துவிடலாம். மறுக்கும் பக்கம் மட்டும் மாணவர்களுக்கு: நேரே பார்ப்பது, ஒரே வாக்கியத்தில் சொல்வது, காரணம் அடுக்காமல் அங்கிருந்து நகர்வது. வாக்கியம் அவரவர் சொந்த வாக்கியமாக இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும், எல்லோருக்கும் முறை வர வேண்டும். பேப்பரைச் சுருட்டிச் சிகரெட் செய்து கையில் கொடுப்பது அறவே வேண்டாம்.

நேரம்தான் பெரிய குறை. நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைக்குள் இது அடங்காது. அடக்க நினைப்பவர்கள் கடைசிக் கலந்துரையாடலை வெட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் செய்ததை யோசித்துப் பார்ப்பதே அந்தப் பகுதியில்தான். ஒரு பாடத்தை இரண்டு பாடவேளையாகப் பிரிப்பதே நல்லது.

இஷ்டத்துக்கு மாற்றுவதும் ஆபத்து. பிரேசில் சுகாதார அமைச்சகம் இதைத் தழுவி நடத்தியபோது, பசை, தின்னர் போன்ற, முகர்ந்து உள்ளிழுக்கும் போதைப்பொருட்களை முதல்முறை தொடுவது குறைந்தது, ஆனால் மது தொடங்கும் பிள்ளைகள் சற்றுக் கூடினார்கள். மூலப் பாடங்களில் செய்த மாற்றங்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பிறகு திட்டத்தைத் திருத்தி மறுபடியும் சோதித்தார்கள். பெயர்களையும் உதாரணங்களையும் உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றலாம், பாடத்தின் வரிசையிலும் செய்முறையிலும் கை வைக்காதீர்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: 2004 வாக்கில் உருவான திட்டம் என்பதால், பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் மின் சிகரெட் பற்றிய கேள்விகளை வினா அட்டைகளில் சேர்த்தே ஆகவேண்டும்.

முதல் வகுப்புக்கு முன் ஓர் ஏற்பாடு கட்டாயம். ஏதாவது ஒரு பாடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை தனியாக வந்து, தன்னைப் பற்றியோ வீட்டில் உள்ளவரைப் பற்றியோ சொல்லக்கூடும். அதைக் கேட்பது யார், எந்த ஆலோசகரிடம் அனுப்புவது, எதை ரகசியமாக வைக்கலாம், எதை வைக்க முடியாது என்பதைத் தலைமையாசிரியரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதை ரகசியமாக வைக்க முடியாது என்பதைப் பிள்ளைகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.