பிளேஸ்டேஷன் 2: இத்தனை வருடம் ஓடிய மெஷினில் எது கெடும், எதில் கை வைக்கக்கூடாது

பிளேஸ்டேஷன் 2 பழுதாகிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க் படிக்கும் பகுதிதான் பழுதாகிறது. ஜப்பானில் 2000 மார்ச்சில் வெளிவந்த வீடியோ கேம் மெஷின் இது. 2013 ஜனவரியோடு சோனி உற்பத்தியை மூடிவிட்டது. ஆக, இன்று கையில் கிடைக்கும் மிகப் புதிய பீஸுக்கும் பத்து வயதுக்கு மேல். உள்ளே இருக்கும் சிப்புகளும் மெயின் போர்டும் இன்னும் அசராமல் ஓடுகின்றன. தேய்வது நகரும் பாகங்கள்: லென்ஸ், அதைத் தாங்கும் ரெயில், பட்டன்களுக்கு அடியிலிருக்கும் நுரை. வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் டிரைவை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

முதலில் மாடல். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் எஸ்சிபிஎச் என்று தொடங்கும் எண்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். 30000 முதல் 50000 வரையுள்ளவை பெரிய பெட்டி. நம் ஊரில் 'ஃபேட்'. பின்னால் ஹார்ட் டிஸ்க் வைக்க இடம் உண்டு, பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. 2004-ல் வந்த 70000 முதல் 'ஸ்லிம்': நெட்வொர்க் போர்ட் உடன்பிறந்தது, ஹார்ட் டிஸ்க் இடம் போய்விட்டது, பவர் அடாப்டர் வெளியே. 75000 முதல் உள்ளே துணை புராசஸரையே மாற்றிவிட்டார்கள். அதனால் சில பழைய கேம்கள் அதில் தகராறு செய்யும். கடைசியாக வந்த 90000 வரிசையில் பவர் சப்ளை மறுபடி உள்ளே போனது. வீட்டில் ஒரே இடத்தில் வைத்து ஆட ஃபேட் 39000 அல்லது 50000 வரிசையைத்தான் சொல்வேன். இடம் குறைவு என்றால் ஸ்லிம்.

திறப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது

'டிஸ்க் படிக்கவில்லை' என்று கடையில் கொடுத்தால் உடனே லென்ஸ் மாற்றச் சொல்வார்கள். பாதி நேரம் அது தேவையில்லை. மெஷினைத் திறக்காமலே பழுதை ஓரளவு குறுக்க ஒரு வழி இருக்கிறது: வகைக்கு ஒரு டிஸ்க் போட்டுப் பார்ப்பது. பிளேஸ்டேஷன் 1 டிஸ்கின் அடிப்பக்கம் கறுப்பு. பிளேஸ்டேஷன் 2 கேம் சிடியில் வந்தது என்றால் அடிப்பக்கம் நீலம். டிவிடியில் வந்தது வெள்ளி நிறம். இதில் விஷயம் என்னவென்றால், சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என இரண்டு தனித்தனி லேசர்கள் உள்ளே இருக்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் மற்றது நன்றாகவே இருக்கும்.

நீல டிஸ்கும் ஆடியோ சிடியும் ஓடி, வெள்ளி டிஸ்க் மட்டும் படிக்கவில்லை என்றால் டிவிடி லேசர் தளர்கிறது. தலைகீழாக இருந்தால் சிடி லேசர். இரண்டுமே தடுமாறினால் லேசரைக் குறை சொல்வதற்கு முன் தூசியையும் ரெயிலையும் பாருங்கள்; இரண்டு லேசரும் ஒரே நாளில் தளர்வது அரிது. சாதாரண டிவிடி ஓடி, காட் ஆஃப் வார், கிரான் டூரிஸ்மோ 4 போன்ற இரட்டை அடுக்கு டிஸ்க் மட்டும் நடுவில் நிற்கிறது என்றால் லென்ஸ் அழுக்காக இருக்கிறது அல்லது டிவிடி லேசர் சோர்வின் தொடக்கத்தில் இருக்கிறது. கேம் லோடாகிறது, வீடியோ காட்சிகளில் மட்டும் திக்குகிறது, சில இடங்களில் 'டக் டக்' சத்தம் வருகிறது என்றால் லேசரில் கோளாறு இல்லை. ரெயிலில் கிரீஸ் காய்ந்து லென்ஸ் வண்டி நகராமல் திணறுகிறது. டிஸ்க் சுற்றவே இல்லை என்றால், ஸ்லிம்மில் முதல் சந்தேகம் மூடிக்கு அடியிலுள்ள சின்ன ஸ்விட்சுகள் மேல். மூடி மூடப்பட்டதாக மெஷினுக்குத் தெரியாவிட்டால் அது எதையுமே தொடங்காது.

இந்தப் பரிசோதனைக்கு ஒரிஜினல் டிஸ்க் வேண்டும். எழுதிய டிவிடி-ஆர் ஒளியைக் குறைவாகத் திருப்பும், அதை வைத்து லேசரை எடைபோட முடியாது. காப்பி டிஸ்க் ஓடுவதற்காகச் சிப் போட்டு அதிலேயே காலம் தள்ளிய மெஷின்களில் டிவிடி லேசர் முதலில் சோர்வதற்கும் இதுவே ஒரு காரணம்.

லென்ஸும் ரெயிலும்

ஸ்லிம்மில் மூடியைத் தூக்கினாலே லென்ஸ் தெரியும். ஃபேட்டுக்கு அடிப்பக்க மூடிகளை நெம்பி எடுத்து ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். மேல் மூடியை விருட்டென்று தூக்க வேண்டாம்: முன்பக்க ரீசெட், எஜெக்ட் பட்டன்களுக்குப் போகும் மெல்லிய ரிப்பன் கேபிள் கிழிந்தால், அதுவரை இல்லாத ஒரு பழுதை நாமே உண்டாக்கியதாகிவிடும். பவர் கேபிளை உருவிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஃபேட்டில் உள்ளிருக்கும் பவர் சப்ளையில் 230 வோல்ட் ஓடுகிறது, உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் தங்கும்.

லென்ஸைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோபில் ஆல்கஹால். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். இயர்பட்ஸின் நுனியில் ஒரு சொட்டு, ஈரம் மட்டும் பட்டால் போதும். லென்ஸ் பிளாஸ்டிக், மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே சுற்றி, உலர்ந்த இன்னொரு பட்ஸால் ஒற்றி எடுங்கள். ஹேண்ட் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், படலம் விடும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் லென்ஸையே மங்கச் செய்துவிடும். பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்கையும் நான் சொல்லமாட்டேன். வேகமாகச் சுற்றும் பிரஷ் தொங்கும் லென்ஸில் மோதினால் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

அடுத்து ரெயில். இரண்டு உலோகக் கம்பிகளிலும் பழைய கிரீஸ் பழுப்பாகி, தூசியோடு சேர்ந்து பசையாகியிருக்கும். ஐபிஏ நனைத்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்குப் பாதகமில்லாத வெள்ளை கிரீஸை ஒரு கம்பிக்கு ஓர் அரிசி அளவு தடவுங்கள். லென்ஸ் வண்டியைக் கையால் மெல்ல இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் அதுவே பரவிவிடும். வண்டியைத் தள்ளும் திருகுப் பல்லுக்கும் கொஞ்சம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40 மூன்றுமே வேண்டாம். முதலிரண்டும் தூசியை இழுத்துக் கெட்டியாகும். மூன்றாவது இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு ஓடிவிடும். டிஸ்க் பிரச்சினை என்று வருவதில் நிறைய இந்த இரண்டு வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஸ்லிம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லென்ஸுக்குப் போகும் ரிப்பன் கேபிள், வண்டி நகரும்போது மேலே வில்லாக எழும்பி, சுற்றும் டிஸ்கின் அடியை உரசும். டிஸ்கில் கச்சிதமான வட்டக் கீறல் விழுந்திருந்தால் காரணம் இதுதான். கேபிள் எழும்பும் இடத்தில் மெல்லிய டேப் போட்டு அமுக்கி வைத்தால் போதும். ஆனால் வண்டி கடைசி வரை தடையில்லாமல் போகிறதா என்று கையால் நகர்த்திப் பார்த்த பிறகே மூடுங்கள். இதைச் சரிபார்க்காமல் அபூர்வமான டிஸ்க் எதையும் ஸ்லிம்மில் போடாதீர்கள்.

கை வைக்கக்கூடாத இடங்கள் இரண்டு. லென்ஸ் பெட்டியின் பக்கத்திலிருக்கும் குட்டித் திருகு ரெசிஸ்டர்கள் லேசரின் பலத்தைக் கட்டுப்படுத்துபவை. அவற்றைத் திருகி 'பவர் ஏற்றி' மெஷினை ஓடவைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஓடும், ஆனால் மிச்சமிருக்கும் ஆயுளைச் சீக்கிரம் தின்றுவிட்டு நிற்கும். திருகியே ஆகவேண்டும் என்றால் மல்டிமீட்டரில் முதலில் ஓம் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பிவர வழி இருக்கும். இரண்டாவது, ஃபேட்டில் லென்ஸ் ரெயிலின் சாய்வை மாற்றும் வெள்ளைப் பல்சக்கரம். புது லென்ஸ் போட்டபின் படிக்காவிட்டால் மட்டும் அதைத் தொடலாம், அதுவும் மார்க்கரால் பழைய இடத்தைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு பல்லாக.

லென்ஸ் மாற்றுவது என்று முடிவானால் பழைய லென்ஸ் மீதே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து அதையே வாங்குங்கள். ஃபேட்டில் பரவலாக இருப்பது கேஎச்எஸ்-400சி. ஸ்லிம்களில் பிவிஆர்-802டபிள்யூ, டிடிபி-082டபிள்யூ போன்றவை வரும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதை வைத்து மாற்றிப் போட்டுவிடாதீர்கள். புது லென்ஸின் சின்னப் போர்டில் நிலைமின் பாதுகாப்புக்காக இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஈயம் வைத்திருப்பார்கள். ரிப்பனைச் செருகியபின் அந்த ஈயத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'புது லென்ஸும் டெட்' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். புது லென்ஸ் சரியாகப் போட்டும் போட்ட உடனே எரிந்தால் இன்னொன்று வாங்காதீர்கள். போர்டிலிருக்கும் மோட்டார் டிரைவர் சிப்தான் லென்ஸ் சுருளுக்கு அளவுக்கு மீறிக் கரன்ட் அனுப்புகிறது.

டிஸ்க் இல்லாமல் ஓட்டுவது

நெடுநாள் பயன்பாட்டுக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. சொந்த டிஸ்கைக் கம்ப்யூட்டரில் இமேஜாக, அதாவது ஒரே ஃபைலில் முழு நகலாக எடுத்து வைத்துக்கொண்டு, வெளி மென்பொருளைத் தொடங்கவைக்கும் ஃப்ரீ எம்சி பூட் ஏற்றிய மெமரி கார்டு வழியாக, இமேஜிலிருந்து கேமை ஓட்டும் ஓபன் பிஎஸ்2 லோடரில் ஆடலாம். 90000 வரிசையில் கவனம் வேண்டும்: லேபிளில் டேட் கோட் (தயாரிப்புக் காலக் குறி) 8டி அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஃப்ரீ எம்சி பூட் வேலை செய்யாது, 8சி என்றால் வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். வேலை செய்யாதவற்றுக்கு அதே வேலையைச் செய்யும் ஓபன் டூனா இருக்கிறது.

எங்கிருந்து ஓட்டுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பென் டிரைவ் சுலபம், ஆனால் இந்த மெஷினின் யுஎஸ்பி 1.1 வகை; உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட். டிவிடி டிரைவோ 4 மடங்கு வேகத்தில் நொடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் தரக்கூடியது. அதனால்தான் பென் டிரைவில் கேம் ஓடினாலும் வீடியோ காட்சிகள் திக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பென் டிரைவ் வாங்கினாலும் இது மாறாது. ஸ்லிம்முக்கு நெட்வொர்க் கேபிள் நல்ல வழி, 100 மெகாபிட் கிடைக்கும். ஆனால் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய எஸ்எம்பி 1 முறையைத்தான் லோடர் பேசும். விண்டோஸ் 10, 11-ல் அது பாதுகாப்புக்காக அணைக்கப்பட்டிருக்கும். மெயின் கம்ப்யூட்டரில் அதைத் திறந்துவிடுவதைவிட, இன்டர்நெட் இணைப்பில்லாத ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை இதற்கென ஒதுக்குவது மேல். ஃபேட்டில் நெட்வொர்க் அடாப்டரோடு ஹார்ட் டிஸ்க் போடுவதுதான் இருப்பதிலேயே நிம்மதி. ஒரிஜினல் அடாப்டர் பழைய ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்குக்கானது. அதன் பின் வந்த சாட்டா வகைக்கு மாற்றும் போர்டு தனியாகக் கிடைக்கிறது.

டிவி, பவர், ஜாய்ஸ்டிக்

மஞ்சள் வயரை எல்இடி டிவியில் செருகினால் படம் கலங்கலாகத்தான் வரும். கம்போனென்ட் கேபிள் அல்லது பின்னால் செருகும் எச்டிஎம்ஐ டாங்கிள் பயன்படுத்துங்கள். நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ வந்தால் டாங்கிளைத் திட்ட வேண்டாம். மெஷினின் சிஸ்டம் செட்டிங்கில் கம்போனென்ட் வீடியோ அவுட் ஆர்ஜிபியில் இருக்கும். மஞ்சள் வயரில் போட்டு அதை ஒய் சிபி சிஆருக்கு மாற்றிவிட்டு மறுபடி செருகுங்கள். துப்பாக்கி கேம்களுக்கு மட்டும் பழைய டியூப் டிவிதான், வேறு வழியே இல்லை.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த ஃபேட்டை நேராக 230 வோல்ட்டில் செருகினால் பவர் சப்ளை போய்விடும். பின்புறம் 100 அல்லது 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். 70000 ஸ்லிம்மின் அடாப்டர் 8.5 வோல்ட், 5.65 ஆம்பியர். கையில் கிடைத்த 9 அல்லது 12 வோல்ட் அடாப்டரை வைத்துச் சமாளிக்கக் கூடாது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடினால் பரவாயில்லை.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் அழுத்தி அழுத்திப் பார்த்தால்தான் வேலை செய்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே மின்தடம் பதித்த பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்டோடு அழுத்திப் பிடிக்கும் நுரை அமுங்கிவிட்டது. தடங்களை ஐபிஏவால் துடைத்துவிட்டு, நுரைக்குப் பதில் இரண்டு மூன்று மடிப்பு இன்சுலேஷன் டேப் வைத்தால் சரியாகிவிடும். இரண்டு போர்ட்டிலும் எந்த ஜாய்ஸ்டிக்கும் எடுக்கவில்லை என்றால் போர்டில் அந்தப் பகுதிக்கான குட்டி ஃபியூஸைத் தேடி மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள்.

மெமரி கார்டில் 8 எம்பி ஒரிஜினலே போதும். 64, 128 என்று போட்ட மலிவுக் கார்டுகள் சேவ்களைச் சிதைத்துவிட்டுத்தான் தங்கள் குணத்தைக் காட்டும். யூலான்ச்எல்ஃப் என்ற ஃபைல் மேனேஜர் மூலம் சேவ்களைப் பென் டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம், இதற்கு யுஎஸ்பி வேகம் ஒரு குறையே இல்லை. தேதியும் நேரமும் அணைத்தவுடன் மறந்துபோனால் உள்ளிருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கேம் ஆட இது அவசியமில்லை. வேறு வேலைக்காகத் திறக்கும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.